திங்கட்கிழமைப் பட்டியல்

ஓசெல்லா ஹார்டவே பொய் சொல்ல மாட்டாள். மெம்ஃபிஸ் ஊரில் ஆரஞ்ச் மவுண்ட் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வாழ்க்கையில் அவள் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதையும் நேர்மையானவள் என்ற பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சொன்னாள். அது போய் அவள் புருஷன் தலையில் விடிந்தது.

அப்போது அவள் பர்விஸ் ரெக்கார்டுக் கடையில் வேலை பார்த்தாள். மூன்று பஸ் தடங்கள் வந்து சேரும் முனையில் இருந்தது கடை. பெரிய வீடுகளில் சமைத்துவிட்டுத் திரும்பும் பெண்கள், பஞ்சுக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஆண்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆர்கன்சாவிலிருந்து வருகிறவர்கள் என்று பஸ் மாற இறங்கும் சனமெல்லாம் வாசல் ஸ்பீக்கரில் ஒரு பாட்டைக் கேட்கும். பிடித்துவிட்டதோ, அடுத்த பஸ்ஸைப் போகவிட்டு உள்ளே வரும்.

திங்கட்கிழமை மதியம் சரியாக இரண்டு மணிக்கு ரேடியோ நிலையத்திலிருந்து லூரீன் என்ற பெண் போன் செய்வாள். அந்த வாரம் நன்றாக விற்ற பதினைந்து பாட்டுகளைச் சொல்ல வேண்டும், பதினைந்தாவதில் தொடங்கி முதலாவதில் முடிக்க வேண்டும், அதுதான் முறை. ஊரில் ஐந்து கடைகள் இப்படிச் சொல்லும். ஐந்தையும் சேர்த்து நிலையம் மஞ்சள் தாளில் ஒரு பட்டியல் அச்சிடும். மஞ்சள் தாளில் ஏறிய பாட்டு பொழுதுக்கும் ரேடியோவில் ஓடும், மற்ற ஊர் நிலையங்களும் அதைப் பார்த்துத் தூக்கிக்கொள்ளும். ஏறாத பாட்டை நாய்கூடச் சீந்தாது.

இதில் தில்லுமுல்லு இல்லாமலா இருக்கும்? ரெக்கார்டுக் கம்பெனி ஆட்கள் ஒரு பெட்டி நிறைய ரெக்கார்டுகளை இனாமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதைக் கொஞ்சம் மூணாவதா சொல்லிடுங்கம்மா" என்று பல்லிளிப்பார்கள். மற்ற நாலு கடைகளும் வாங்கிக்கொண்டன. ஓசெல்லாவிடம் ஒருத்தன் பெட்டியோடு ஒரு பன்றித் தொடையும் கொண்டுவந்தான். "பெட்டியை எடுத்துட்டுப் போ. கறியையும் எடுத்துட்டுப் போ. ஓடாத பாட்டை ஓடுதுன்னு சொல்ல என் நாக்கு வளையாது" என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே கத்தினாள். அதற்கப்புறம் நிலையத்தில் அவள் பட்டியலுக்குத்தான் மதிப்பு. மற்ற கடைகள் என்ன சொன்னாலும், "ஓசெல்லா என்ன சொன்னா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாளை அச்சுக்கு அனுப்புவார்கள்.

அறுபத்தேழு பிப்ரவரியில் அவள் புருஷன் வெண்டலின் பாட்டு வந்தது.

ஒரு சலூனின் பின்னறையில் ரெக்கார்டுக் கம்பெனி நடத்திய டேட் மேப்ரி என்கிற ஆள்தான் அதைப் போட்டான். பாட்டு வெண்டல் எழுதியது. கல்யாணமான முதல் வருஷம் ஒரு சண்டையில் ஓசெல்லா கோட்டை மாட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். வெண்டல் வழியை மறிக்கவில்லை. "போறதுன்னா போ. ஆனா கோட் ஆணியிலேயே கிடக்கட்டும்" என்றான். அவளும் வீம்புக்குக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே நாலு தெரு நடந்து போனாள். கோட் கிடக்கிற வீட்டுக்குத்தானே வந்தாக வேண்டும், பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்துவிட்டாள். பாட்டும் அதுதான். போகிறவளைப் பார்த்து ஒருத்தன் பாடுகிறான். வையவில்லை, கெஞ்சவில்லை, கோட் மட்டும் ஆணியிலேயே கிடக்கட்டும் என்கிறான். கடைசியில் வார்த்தையெல்லாம் தீர்ந்து, "கிடக்கட்டும், கிடக்கட்டும்" என்று வெறும் அந்த ஒரு சொல்லையே வைத்துக்கொண்டு அவன் குரல் ஏறும் பாருங்கள், கேட்கிறவர்கள் வந்த பஸ்ஸை மறந்து நிற்பார்கள்.

ரெக்கார்டு வந்த முதல் வாரம் கடையில் அது மற்ற எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அச்சடித்ததே கொஞ்சம்தான், அதில் பெரும்பங்கை மேப்ரி பர்விஸ் கடையில்தான் போட்டிருந்தான். சனம் வரிசையில் நின்று வாங்கியது. பாடினவன் இவள் புருஷன் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு பெண் கேட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். ஓசெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. வெண்டலிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்றால் அவன் ஊரில் இல்லை. பாட்டை ஊர் ஊராகப் பாடிப் பரப்பு என்று மேப்ரி அவனை ஒரு கச்சேரிக் கூட்டத்தோடு ஜார்ஜியா பக்கம் பஸ்ஸில் அனுப்பியிருந்தான்.

திங்கட்கிழமை இரண்டு மணிக்குப் போன் அடித்தது. இவள் வாயைத் திறப்பதற்குள் லூரீன் முந்திக்கொண்டாள்.

"ஓசெல்லா, இந்த வாரம் உன்னைக் கேக்கவே வேணாமே! முதல்ல யாருன்னு எங்க ஆபீஸ் முழுக்கத் தெரியும். புருஷன் பாட்டாச்சே, வேற யாரை ஏத்தப்போறே!"

பின்னால் நாலைந்து ஆம்பிளைகள் சிரிப்பது கேட்டது. வேடிக்கைக்குச் சொன்னதுதான். லூரீன் மனசில் ஒன்றும் கிடையாது. ஆனால் ஓசெல்லாவுக்குக் காது மடலெல்லாம் தீயாய் எரிந்தது. பன்றித் தொடையைத் திருப்பி அனுப்பினவள் இன்றைக்குப் புருஷனை உச்சியில் ஏற்றுகிறாள் என்று ஊர் நாக்கில் நரம்பில்லாமல் பேசாதா?

பதினைந்தாவதிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் ஒரு படி மேலே தள்ளி, லாயக்கில்லாத பாட்டு ஒன்றைப் பதினைந்தாவதாக உள்ளே விட்டு, முதலாவதுக்கு வந்தபோது டெட்ராய்ட் பெண் ஒருத்தியின் பாட்டைச் சொன்னாள். வெண்டல் ஹார்டவே என்ற பேரே அவள் வாயில் வரவில்லை.

வேறு ஏதாவது கடை அவன் பேரைச் சொல்லட்டும், அடுத்த வாரம் நாமும் சொல்லுவோம் என்று நினைத்தாள். அட பைத்தியக்காரி! மற்ற கடைகளில் இருந்ததே ஆளுக்குப் பத்து ரெக்கார்டு. அது இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. அதற்கப்புறம் அவர்கள் மஞ்சள் தாளைத்தான் பார்த்தார்கள். "பொண்டாட்டியே சொல்லலைன்னா அது எங்க ஓடியிருக்கப் போகுது" என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். இரண்டாவது திங்கட்கிழமை எட்டாவதாகவாவது சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தாள். போன வாரம் இல்லாதது இந்த வாரம் எப்படி வந்தது என்று கேட்பார்களே என்று விழுங்கிவிட்டாள். மூன்றாவது திங்கட்கிழமையும் அப்படியே. நாலாவது வாரம் கடையில் விற்க ரெக்கார்டு இல்லை. பட்டியலில் ஏறாத பாட்டை மறுபடி அச்சடிக்க மேப்ரிக்கு என்ன பைத்தியமா? இருந்த கொஞ்சத்தையும் தெரிந்தவர்கள்தான் வாங்கித் தீர்த்தார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

வெண்டல் ஊர் திரும்பியபோது மேப்ரி தோளில் கைபோட்டுச் சொன்னான்: "சனம் எடுத்துக்கல, வெண்டல். பாட்டு நல்ல பாட்டுதான். என்ன பண்ண?"

வெண்டல் ஓசெல்லாவைத்தான் கேட்டான். "கடையில ஏதாவது போச்சா?"

"போச்சு, கொஞ்சம்" என்றாள் அவள்.

"சர்ச் ஆளுங்களா இருக்கும். பாவம், நமக்காக வாங்கியிருப்பாங்க" என்று சிரித்தான். அந்தக் கோடையிலேயே பஸ் ஓட்டும் வேலையில் சேர்ந்தான். குடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தேவாலயத்தில் தனியாகப் பாடச் சொன்னால், "வேணாம் பாஸ்டர், சனத்துக்கிட்ட ஒருதடவை கேட்டுப் பாத்துட்டேன். வேணாம்னுட்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக விலகிக்கொள்வான். பாடகர் குழுவில் பின்வரிசையில், நாலு பேர் குரலுக்கு அடியில் தன் குரலை ஒளித்துக்கொண்டு பாடினான். அந்த மாதிரி ஒரு குரலை ஒளித்து வைப்பதென்றால் எத்தனை கஷ்டம் என்று பக்கத்தில் நின்று பாடிய ஓசெல்லாவுக்குத்தான் தெரியும்.

சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. பர்விஸ் கடை மூடி, அங்கே சவுரிமுடிக் கடை வந்தது. ஓசெல்லா பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போனாள். ஆனால் திங்கட்கிழமை இரண்டு மணி ஆனால் பாத்திரம் கழுவுகிற கை தானாக நின்றுவிடும். உதடு அசையாமல், பொய் சொன்ன அந்த முதல் வாரத்துச் சரியான பட்டியலைப் பதினைந்திலிருந்து ஒன்று வரை மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் மறு தட்டை எடுப்பாள்.

எண்பத்தொன்பது மார்ச்சில் ஜுவனெல் பிக்கெட் என்று ஒரு பெண் வெண்டலுக்குப் போன் செய்தாள். உள்ளூர் ரேடியோவில் சனிக்கிழமை மதியம் நிகழ்ச்சி நடத்துகிறவள். வந்தபோது யாரும் கண்டுகொள்ளாத 'சோல்' என்கிற கறுப்பர் இசையின் பழைய பாட்டுகளைத் தேடிப் பிடித்துப் போடுவதுதான் அவள் வேலை. யாரோ வீட்டைக் காலி செய்தபோது வாசலில் போட்டு விற்ற குப்பையில் வெண்டலின் ரெக்கார்டு அவள் கைக்குக் கிடைத்திருந்தது.

"ஐயா, இதைக் கேட்டு நான் ரெண்டு நாளா வேற பாட்டே கேக்கலை. நீங்க வரணும். அம்மாவையும் கூட்டிட்டு வரணும்."

வெண்டலுக்கு முகமெல்லாம் பல். தேவாலய சூட்டைத் தானே இஸ்திரி போட்டான். ஓசெல்லா தலைவலி என்று படுத்துப் பார்த்தாள்.

"அடிப்பாவி, அந்தப் பாட்டே உன் மேல பாடினதுடி. நீ இல்லாம நான் எப்படிப் போக? எழுந்திரு, எழுந்திரு."

போனாள். நிலையத்தில் ஒரு மைக் வெண்டலுக்கு, ஒன்று ஜுவனெலுக்கு. ஓசெல்லாவை வெண்டல் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஜுவனெல் பாட்டைப் போட்டாள். முடிந்ததும் கேட்டாள்:

"இப்படி ஒரு பாட்டு எப்படிங்கய்யா மண்ணைக் கவ்விச்சு?"

வெண்டல் எப்போதும் சொல்வதையே சொன்னான். "அது ஒண்ணுமில்லம்மா. சனத்துக்கிட்ட குடுத்தோம், சனம் எடுத்துக்கல. அதுக்குக் கோவிச்சுக்க முடியுமா? சமைச்சது பிடிக்கலைன்னா தட்டை ஒதுக்கத்தான் செய்வாங்க."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நேயர்கள் கூப்பிட்டால் அப்படியே ரேடியோவில் பேச விடுவது அங்கே வழக்கம்.

"ஏய், யாரது எடுத்துக்கலைன்னு சொல்றது?" கரகரத்த ஆண் குரல். "நான் எடுத்துக்கிட்டேனே! நான் ஆர்கன்சாக்காரன். பஸ் மாறுற இடத்துல ஒரு கடை இருந்துச்சு. ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு வரிசையில நின்னு வாங்கினேன்."

வெண்டல் சிரித்தான். "ரொம்ப நன்றிங்க."

அடுத்த போன் ஒரு பெண். "நானும் அந்தக் கடையிலதான் வாங்கினேன். எனக்கு முன்னாடி பதினஞ்சு பேர் நின்னாங்க. எல்லார் கையிலயும் இதே ரெக்கார்டு." அடுத்தவர் மிசிசிப்பியில் ஏதோ ஒரு கிராமம். அடுத்த பெண், "தீந்துபோச்சுன்னுட்டாங்க. மூணு வாரம் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டேன்" என்றாள். வெண்டலின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்துபோனது. ஒரு கையால் மைக்கை மூடிக்கொண்டு ஜுவனெலிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்: "இவங்க யாரும்மா? எங்க சர்ச் ஆளுங்க ஒருத்தரும் இல்லையே. எனக்கு ஒருத்தரையும் தெரியாதே."

ஜுவனெல் விவரம் தெரியாத பெண், பாவம். உற்சாகமாகிவிட்டாள். "அப்போ வரிசையில நின்னு வாங்கியிருக்காங்க! ஆனா நான் நிலையத்துல பழைய மஞ்சள் தாளெல்லாம் தேடிப் பாத்துட்டேன், அதுல உங்க பேரே கிடையாது. அம்மா, ஐயா சொன்னார், நீங்க அந்தக் கடையிலதானே இருந்தீங்க? நீங்களே சொல்லுங்களேன், எப்படி விட்டுப்போச்சு?"

ஓசெல்லா தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேப்ரி செத்துப் பத்து வருஷமாயிற்று, பழியை அவன் மேல் போட்டால் எழுந்து வந்து கேட்கப் போகிறானா? புருஷன் பக்கம் திரும்பினாள். தன் பாட்டை வாங்கியவர்கள் முகம் தெரியாத சனம் என்ற செய்தியை என்ன செய்வதென்று தெரியாமல், ஐம்பத்து நாலு வயசு ஆள், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான்தான் சொல்லல. திங்கக்கிழமை திங்கக்கிழமை பட்டியல் சொன்னது நான்தான். பாட்டு மூணு வாரம் முதல் இடத்துல இருந்துச்சு. புருஷன் பாட்டைத் தூக்கி வைக்கிறாள்னு ஊர் பேசுமேன்னு பயந்து நான் பேரையே சொல்லல. சனம் எடுத்துக்கிச்சு வெண்டல். நான்தான் மறைச்சுட்டேன்."

ஜுவனெலுக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. என்ன செய்வதென்று புரியாமல் பாட்டை இன்னொரு தடவை ஓட விட்டாள். இரண்டே முக்கால் நிமிஷம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. முடிந்ததும் வெண்டல் மைக்கில் பேசினான். குரலில் மரியாதை குறையவில்லை.

"வாங்கினவங்க எல்லாருக்கும் நன்றி. அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியாமப் போச்சு."

காரை வெண்டல் ஓட்டினான். வீட்டுத் தெருவுக்குத் திரும்பாமல் நேரே போய், பழைய கடை இருந்த முனையில், சவுரிமுடிக் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினான். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"இருபத்திரெண்டு வருஷம்டி" என்றான். "எனக்கு அறிவு வந்த நாள்லேர்ந்து தெரிஞ்சது பாட்டு ஒண்ணுதான். அது நல்லா இல்ல, அதைச் சனம் துப்பிடுச்சுன்னு நம்பி நான் இருபத்திரெண்டு வருஷம் வாழ்ந்திருக்கேன். உன் பேரு கெட்டுப்போயிடும்னு."

"ஆமா" என்றாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அத்தனை சின்ன வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"அந்த வாரம் பட்டியல் என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு. லூரீனுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

ஓசெல்லா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "பதினஞ்சு, அந்த மூணு அக்கா தங்கச்சிங்க பாடின டெலிபோன் பாட்டு. பதினாலு, நியூ ஆர்லியன்ஸ்காரரோட பியானோப் பாட்டு. பதிமூணு..." ஒன்றுகூடத் தடுமாறவில்லை. ஒன்பதாவதில் வெண்டல் கண்ணை மூடிக்கொண்டான். "ரெண்டு, டெட்ராய்ட் பொண்ணு பாட்டு. அதைத்தான் முதல்னு சொன்னேன்."

நிறுத்தினாள். எதிரே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"ஒண்ணு?" என்றான்.

"ஒண்ணு, வெண்டல் ஹார்டவே. 'கோட் ஆணியிலேயே கிடக்கட்டும்'."

வெண்டல் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்து அழுதான். சந்தோஷமா, ஆத்திரமா என்று ஓசெல்லாவுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தொடப்போன கையைத் தானே மடக்கிக்கொண்டாள். அவளும் அழுதாள், சத்தமில்லாமல்.

வீட்டுக்கு வந்ததும் அவன் பழக்கதோஷத்தில் கோட்டைக் கழற்றி அடுக்களைக் கதவோரத்து ஆணியில் மாட்டினான். கல்யாணமான வருஷம் அவன் கையால் அடித்த ஆணி, வீடு மாறியபோதெல்லாம் கூடவே பிடுங்கி எடுத்து வந்தது. பிறகு மேசை மேல் வைத்த வண்டிச் சாவியைத் திரும்ப எடுத்தான்.

"நான் ஆல்விஸ் வீட்டுக்குப் போறேன்" என்றான். ஆல்விஸ் அவன் தம்பி, ஊரின் அடுத்த கோடியில் இருக்கிறான். "இன்னிக்கு உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இங்க உக்கார என்னால முடியாது. நாளைக்கும் முடியுமான்னு தெரியல."

போகாதே என்று சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று ஓசெல்லாவுக்குத் தெரிந்தது. வாசலை நோக்கிப் போகிறவனின் மெல்லிய சட்டைதான் அவள் கண்ணில் பட்டது. வெளியே மார்ச் மாதத்துக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது.

"வெளியே குளிருது வெண்டல். கோட்டையாவது போட்டுட்டுப் போ."

அவன் கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றான். திரும்பி ஆணியைப் பார்த்தான். அவளை இன்னும் பார்க்கவில்லை.

"கிடக்கட்டும்" என்றான்.

கதவு சாத்திக்கொண்டது, கார் கிளம்பித் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டது. ஓசெல்லா அடுக்களை நாற்காலியை அந்த ஆணிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.